கரையேறாத எல்லைக்கல்

"உங்களுக்கு வடகரையோட இருக்க இஷ்டமா?"

"ஆமாங்க."

"அப்ப தென்கரையோட இருக்க இஷ்டமில்ல. அப்படி எழுதிக்கலாமா?"

"ஐயையோ, அப்படி நான் சொல்வேனா. அவங்களோட இருக்கவும் இஷ்டந்தான்."

கேட்டவர் வடகரை நாட்டு அதிகாரி. பக்கத்து நாற்காலியில் தென்கரை நாட்டு அதிகாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் இருந்த வெள்ளைத்தலைக்காரர், இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டு மூன்றாம் நாட்டிலிருந்து வரவழைத்த நடுவர். பதில் சொல்லிக்கொண்டிருந்தவரை ஊரே ஆமாம் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருந்தால் ஆச்சரியமில்லை.

நடுவர் பொறுமையாகக் கேட்டார். "ஐயா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நீங்க எந்தப் பக்கம்?"

சித்தப்பா நெற்றியைத் தடவினார். "எந்தப் பக்கம்னு சொன்னா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்?"

இவர் ஒருத்தர் என்றால் போகிறது என்று விடலாம். பள்ளிக்கூட அறையில் நடந்த அந்த விசாரணைக்கு வந்த அத்தனை பேரும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள். அகன்ற ஆற்றின் நடுவே கிடந்தது அவர்களுடைய திட்டு. படகு பழுது பார்ப்பதுதான் தொழில். இரண்டு கரையிலிருந்தும் படகு வரும், ஆள் வரும், ஆளோடு அவனுடைய நாட்டுப் பெருமையும் வரும். வடகரைக்காரன் வந்து, "தென்கரைக்காரனை நம்பாதீங்க" என்றால், "அதைச் சொல்லுங்க" என்பார்கள். மறுநாள் தென்கரைக்காரன் வந்து அதையே திருப்பிச் சொன்னால் அவனுக்கும், "அதைச் சொல்லுங்க." வந்த வாடிக்கை முகம் கோணாமல் போக வேண்டும். அது கை ரேகை மாதிரி படிந்துபோன பழக்கம். திட்டு யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் அவர்கள் இப்படித்தான் பிழைத்தார்கள்.

விசாரணை முடிந்ததும் நடுவர் பள்ளிக்கூட வாசலில் நின்று வாசித்தார். "இவ்விடத்து மக்களுக்கு இந்த விஷயத்தில் தெளிவான விருப்பம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே திட்டை இரண்டாகப் பிரிப்பதே நியாயம் என்று கருதுகிறேன்."

கூட்டம் தலையை ஆட்டியது. வாசித்தவர் மனம் நோகக் கூடாதே.

*

பிரிக்கிற கோடு சந்து வழியாகப் போயிற்று. அளக்க வந்தவர்கள் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டே போனார்கள். கோட்டுக்கு வடக்கே என்ஜின் அக்காவின் பட்டறை. தெற்கே படகுகளுக்குப் படுதா தைத்துக் கொடுக்கும் அவள் தங்கச்சியின் கடை, அதற்கு அப்பால் படகுகளைத் தண்ணீரிலிருந்து இழுத்து ஏற்றும் சரிவு. படகு ஏறுவது ஒரு நாட்டில், அதன் மோட்டாரைப் பிரிப்பது இன்னொரு நாட்டில் என்று ஆயிற்று.

அக்கா கையில் ஸ்பேனரோடு வெளியே வந்து கோட்டைப் பார்த்தாள். எதிர்வாசலில் தங்கச்சி, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு நின்றாள்.

"உள்ள போய் நீ என்னடி சொன்ன?"

தங்கச்சி ஊசியை எடுத்தாள். "நீ என்ன சொன்ன?"

"நான்தான் முதல்ல கேட்டேன்."

"ரெண்டு பேருக்கும் ஆமான்னேன். டீ வாங்கிக் குடுத்தாங்கக்கா. குடிச்ச வாயால மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"எனக்கு டீ கூடக் குடுக்கல. அப்படியும் ஆமான்னுட்டு வந்தேன்."

"இவ்வளவு வாய் பேசற நீயா?"

"நானேதான். செருப்பால அடிக்கணும் என்னை."

இருவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அக்காவின் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தது வடகரையில். தங்கச்சிக்கு மாமியார் வீடு தென்கரை. திட்டு எங்கே சேர வேண்டும் என்று கேட்டால் அக்காவின் மனசு வடக்கே சாயும், தங்கச்சியின் மனசு தெற்கே சாயும். அந்தச் சண்டை இருவருக்குள்ளும் வருஷக்கணக்காக முணுமுணுப்பாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் திட்டைக் குறுக்கே வெட்டச் சொல்லி இருவருமே கேட்கவில்லை. கேட்டவர் யார் என்று ஊரில் எவரைக் கேட்டாலும் கையை விரித்தார்கள்.

"கல்லு நட்டுட்டா உன் வீட்டுக்கு வர நான் அனுமதிச் சீட்டு வாங்கணுமாம்" என்றாள் அக்கா.

"வாங்கிட்டு வா. தினம் குழம்பு கேட்டு வர்றதாவது குறையும்."

"சிரிக்காதடி. பட்டறை இங்க, சரிவு அங்க. ஒரு மாசத்துல பட்டறையை மூடிடுவேன். நீ யாருக்குப் படுதா தைப்ப?"

தங்கச்சி சிரிப்பதை நிறுத்தினாள்.

*

அக்கா நேரே பள்ளிக்கூட அறைக்குப் போனாள். நடுவர் தனியாக இருந்தார். மேசை முழுக்க வரைபடங்கள்.

"மறுபடி கேளுங்க ஐயா."

"கேட்டாச்சேம்மா."

"நாங்க தப்பாப் பதில் சொல்லிட்டோம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். எங்களுக்கு ஆள் முன்னாடி இல்லைன்னு சொல்ல வராது. அது ஒரு வியாதின்னு வச்சுக்குங்க."

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைப் பாருங்க. வடகரை கொண்டாந்த பழைய வரைபடம். இது தென்கரை கொண்டாந்தது, இன்னும் பழசு. ரெண்டுலயும் உங்க திட்டு வேற வேற இடத்துல இருக்கு."

"ஆத்து மண்ணு ஐயா. நகரும்."

"ஆமா. மண்ணு நகர்ந்துக்கிட்டே இருக்கு, ரெண்டு நாடும் காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

"அப்ப எங்க இஷ்டத்துக்கு நெஜமாவே மதிப்பு உண்டா? இல்ல, கேட்டோம்னு காட்டறதுக்காகக் கேட்டீங்களா?"

அவர் வரைபடங்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"மக்கள் விருப்பம் தெளிவா இருந்தா அதைத்தான் முதல்ல எடுத்துக்கணும், அப்புறந்தான் வரைபடம். இதுக்கு ரெண்டு நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு. தெளிவா இருக்காதுங்கற நம்பிக்கையிலதான் போட்டாங்களோன்னு எனக்கே ஒரு சந்தேகம். எல்லைக்கல்லு நடற வரைக்கும் என் தீர்ப்பு என் பையிலதான் இருக்கும். நட்டுட்டா என் வேலை முடிஞ்சுது. அதுக்குள்ள தெளிவா ஏதாச்சும் என் காதுல விழுந்தா நான் கேட்டுத்தான் ஆகணும். ஆனா இதே ரூமுக்குள்ள கூப்பிட்டு இதே கேள்வியைக் கேட்டா இதே பதில்தானே வரும்?"

வரும் என்று அவளுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். "கோடு வேண்டாம்னு சொல்லணும், சரியா?" என்பாள். "சரிதான் அக்கா" என்பார்கள். படி இறங்குவதற்குள் வடகரை அதிகாரியின் ஆள் எதிரே வருவான். "கோடு போட்டா எல்லாருக்கும் நல்லதுதானே?" "சரிதாங்க." அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

படகுத் தச்சர்களில் மூத்தவரான ஆசாரி, கூடையில் ஆணி பொறுக்கியபடி அவளைப் பார்த்துச் சிரித்தார். "எதுக்கும்மா அலையற? நாம என்ன சொல்லி என்ன ஆகப்போகுது? யாருகிட்டத் துப்பாக்கி இருக்கோ, யாருகிட்டப் பெரிய கப்பல் இருக்கோ அவங்க கோடு போடுவாங்க. ஜனங்களைக் கேக்கறது கல்யாணத்துல மாப்பிள்ளையோட சித்தப்பாவைக் கேக்கற மாதிரி. ஒரு மரியாதை."

"அந்த மரியாதையைத்தானே நாம ஒழுங்கா வாங்கிக்கல ஆசாரி."

"வாங்கியிருந்தா மட்டும்?"

"தெரியாது. வாங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்."

*

எல்லைக்கல் வந்து சேர்ந்தது. ஒரு முகத்தில் வடகரைச் சின்னம், மறுமுகத்தில் தென்கரைச் சின்னம், தலையில் கூம்பு. தட்டைப் படகில் படுக்கப்போட்டுக் கட்டியிருந்தார்கள். எருமை படுத்திருப்பது மாதிரி இருந்தது. அதைக் கரையேற்ற அந்தத் திட்டில் ஒரே வழிதான், படகு ஏற்றும் சரிவு. அதை இழுக்கத் தெரிந்தவர்களும் அங்கே ஒரே கூட்டம்தான்.

இரண்டு அதிகாரிகளும் சேர்ந்தே போய் ஆசாரியிடம் கேட்டார்கள். அவர் பட்டறைக்கு வந்து சொன்னார்.

"நாளைக்குக் காலையில இழுக்கறோம்."

"எதை?"

"கல்லை."

"எந்தக் கல்லை?"

"எத்தனை கல்லு வந்திருக்கு? அதைத்தான்."

அக்கா கையிலிருந்த பிளக்கை மேசையில் வைத்தாள். "நம்ம நெஞ்சில நடற கல்லை நாமளே இழுத்துக் குடுக்கறதா?"

"கேட்டாங்க. மரியாதையாக் கேட்டாங்க. நம்ம சரிவுக்கு வந்த எதையாவது இதுவரைக்கும் வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருக்கோமா?"

"ஆசாரி, உங்களை என்ன சொல்றதுன்னே தெரியல."

"என்ன சொன்னாலும் சரிதாம்மா" என்றார் அவர். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. திரும்பிப் போய்விட்டார்.

*

காலையில் சரிவில் ஊர் முழுக்க நின்றது. கல்லின் கீழே உருளைக் கட்டைகளைக் கொடுத்து, பெரிய வடத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக இரண்டு வரிசை. அக்காவும் வரிசையில் நின்றாள். வேலைக்கு வராமல் வீட்டில் உட்கார அவளுக்கும் தெரியவில்லை. மேலே நாற்காலி போட்டு நடுவரும் அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

குரல் கொடுப்பது தங்கச்சி. ஊரிலேயே பெரிய தொண்டை அவளுக்குத்தான்.

"வடம் புடிச்சாச்சா?"

"புடிச்சாச்சு."

"கால் ஊனியாச்சா?"

"ஊனியாச்சு."

"இழுக்கலாமா?"

அந்த மூன்றாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு காலத்தில், வடம் நைந்திருப்பதைப் பார்த்த ஒருவன், படகுக்காரர் பக்கத்திலேயே நிற்கிறாரே என்று கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டான். வடம் அறுந்து, படகு சரிந்து, கீழே நின்றவன் செத்தான். அதற்குப் பிறகு திட்டில் ஒரு கட்டுப்பாடு. வடத்தில் கை வைத்தவன் யாராக இருந்தாலும், மனசில் ஒரு நெருடல் இருந்தால், "நில்லு" என்று சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்க வேண்டும். எதிரே யார் நின்றாலும் சரி. ஊர் முழுக்க ஆமாம் போடுகிற வாய்கள், இந்த ஓர் இடத்தில் மட்டும் இல்லை என்று சொல்லப் பழகியிருந்தன.

"இழுக்கலாமா?" என்று தங்கச்சி கேட்டதும் அக்கா வாயைத் திறக்கப் போனாள். அவளை முந்திக்கொண்டு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நில்லு."

ஆமாம் சித்தப்பா.

தங்கச்சி வழக்கம்போலக் கேட்டாள். "என்ன சித்தப்பா, வடமா?"

"வடம் நல்லாத்தான் இருக்கு."

"கட்டையா?"

"கட்டையும் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"கல்லு."

"கல்லுக்கு என்ன?"

"அது மேல ஏறினா எனக்குத்தான் நெருடுது" என்றார் சித்தப்பா. உள்ளங்கை இரண்டும் வடத்தை விடாமல் பிடித்திருந்தன. "என் வீடு அந்தப் பக்கம். நான் நிக்கறது இந்தப் பக்கம். இதை நானே இழுத்து வச்சுட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போக யாருகிட்டக் கேக்கறது?"

தங்கச்சியின் முகம் மாறியது. அவள் வரிசையைப் பார்த்தாள். கட்டுப்பாட்டின்படி அடுத்தது அவள் கேட்க வேண்டியதுதான்.

"வேற யாருக்காச்சும் நெருடுதா?"

"நில்லு" என்றாள் அக்கா.

"நில்லு" என்றது இன்னொரு குரல். "எங்க அம்மாவைப் புதைச்ச இடம் அந்தப் பக்கம்."

"நில்லு. நான் கட்டிக்கப் போறவ அந்தப் பக்கம்."

"டேய், அவ அப்பா இன்னும் ஒத்துக்கவே இல்லையே."

"அவ அப்பா நம்ம ஆமாம் சித்தப்பாதானே, எல்லாத்துக்கும் ஆமான்னுதான சொல்வாரு."

"அதெல்லாம் இன்னிக்குக் காலையோட போச்சு" என்றார் சித்தப்பா.

வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. சிரிப்போடு சிரிப்பாக ஒவ்வொருத்தராக, "நில்லு, நில்லு" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஆசாரி மட்டும் மிச்சம். அவர் கல்லைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவர்களைப் பார்த்தார். "நான்தான் வேலைக்கு ஒத்துக்கிட்டேன். வாக்கு வாக்குதான்" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆனா வடத்துல கை வச்சுட்டுப் பொய் சொல்லக் கூடாது. நில்லு."

தென்கரை அதிகாரி எழுந்துவிட்டார். "ஐயா, இது வெறும் கூலித் தகராறு. கூட்டிக் குடுத்தா இழுப்பாங்க."

"கூலி போதுங்க" என்றது வரிசை. "கல்லுதான் ஜாஸ்தி."

வடகரை அதிகாரி சொன்னார். "ஒருத்தர் சொன்னதைப் பாத்து இன்னொருத்தர் சொல்றாங்க. இதை விருப்பம்னு எடுத்துக்க முடியாது."

தகராறு தொடங்கின நாளிலிருந்து இரண்டு நாடுகளும் ஒரே பேச்சில் நின்றது அப்போதுதான்.

நடுவர் சரிவில் இறங்கி வந்தார். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, கழற்றிவிட்டு வந்தார். வடத்தை ஒட்டியே நடந்து, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, தணிந்த குரலில் கேட்டார். "உண்மையைச் சொல்லுங்க. இழுக்கலாமா?" ஒவ்வொருவரும் அவர் கண்ணைப் பார்த்து இல்லை என்றார்கள். பள்ளிக்கூட அறையில் அவருக்குத் தலையாட்டிய அதே ஆட்கள். வரிசையின் முனைக்கு வந்ததும் தங்கச்சியிடம் திரும்பினார்.

"வழக்கமா எத்தனை தடவை கேப்பீங்க?"

"யாராச்சும் நில்லுன்னா, மூணு தடவை."

"அப்ப இன்னும் ரெண்டு தடவை கேளுங்கம்மா."

அவள் கேட்டாள். ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்டிருக்கும். பதிலும் கேட்டிருக்கும்.

நடுவர் பையிலிருந்து தீர்ப்பை எடுத்து, நாலாக மடித்து, சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். "இது செல்லாது. வேற எழுதணும்" என்றார்.

அக்கா வடத்தைக் கீழே போட்டாள். அவளும் தங்கச்சியும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஊரே சந்துக்குப் போய்ச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்று கூச்சல் போட்டது. கால் பட்டுப் பட்டு அரை மணியில் கோடு இருந்த இடம் தெரியவில்லை.

*

"கோடு வேண்டாம்னுட்டீங்க. ஆனா முழுசா எந்தப் பக்கம்னு சொல்லணும்" என்றார் நடுவர். "எனக்குக் குடுத்த அதிகாரம் அவ்வளவுதான். வடக்கு, இல்லன்னா தெற்கு."

"ரெண்டும் வேண்டாம்னு சொல்ல ஒரு இடம் கெடையாதா?" என்றார் ஆசாரி.

"இந்த ஒப்பந்தத்துல இல்ல."

ஆசாரி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா? பதில் நம்மது, கேள்வி அவங்களோடது."

"நேத்து வரைக்கும் பதிலும் அவங்களோடதா இருந்துச்சு. ஒண்ணொண்ணாத்தான் வாங்கணும் ஆசாரி."

வடகரையிலிருந்தும் தென்கரையிலிருந்தும் பேச ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஜனநாயகம் என்றார்கள், சுயநிர்ணயம் என்றார்கள். "அது எந்தக் கடையில கிடைக்கும்?" என்று தங்கச்சி கேட்டாள். ஆனால் அந்த வாரம் திட்டில் நடந்ததற்கு வேறு பெயர் இல்லை. ஜனங்கள் வாசலில் நின்று எதிர்த்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள். அக்கா பட்டறையிலிருந்து கத்துவாள், "வடக்கேதான் ஆஸ்பத்திரி இருக்கு." தங்கச்சி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கத்துவாள், "தெற்கேதான் படகு இருக்கு, அதுல ஏறித்தானே ஆஸ்பத்திரிக்குப் போகணும்." "உன் மாமியாரைப் பாக்க ஊரையே கூட்டிக்கிட்டுப் போறியா?" "உன் மகளைப் பாக்க நீ கூட்டிக்கிட்டுப் போறதில்லையா?" நடுவில் போகிறவர்கள் நின்று கேட்டு, இரண்டு பேரையும் மறுத்துவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் இரண்டு பேருக்கும் ஆமாம் சொல்லிவிட்டுப் போனவர்கள்.

கடைசியில் ஓட்டெடுப்பு என்று முடிவாயிற்று. சீட்டுக்குப் பதிலாக அக்காவின் பட்டறையிலிருந்தே பித்தளை வாஷர்கள் எடுத்தார்கள். தங்கச்சி தைத்துக் கொடுத்த படுதாத் தடுப்புக்குப் பின்னால் வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று என்று இரண்டு பெயிண்ட் டப்பாக்கள். எதில் விழுந்தது என்று வெளியே சத்தம் கேட்கக் கூடாதென்று இரண்டுக்குள்ளும் பழந்துணியை அடைத்து, மூடியைப் போட்டு, அதில் ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு வாஷர். நடுவரே கையில் கொடுத்தார்.

ஆமாம் சித்தப்பா உள்ளே போய்ப் போட்டுவிட்டு வெளியே வந்து மறுபடியும் கையை நீட்டினார்.

"என்ன?"

"இன்னொண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"ஒரு டப்பாவுலதானே போட்டேன். இன்னொண்ணு மனசுல என்ன நினைக்கும்?"

"சித்தப்பா, நகருங்க" என்றது வரிசை.

*

எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். பதினொரு வாஷர் வித்தியாசத்தில் தென்கரை.

தங்கச்சி பக்கத்து ஆட்கள் குதித்தார்கள். அக்கா பெயிண்ட் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி மகள் வீட்டுக்குப் போக அவள் சீட்டு வாங்க வேண்டும். முகத்தில் கரி அப்பியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தங்கச்சிக்குத் தெரிந்தது. குதித்துக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

வடகரை அதிகாரி அக்காவின் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, உங்க ஊர்க் கட்டுப்பாடு ஒண்ணு இருக்கே. ஒரே ஒரு ஆள் நில்லுன்னாலும் நிக்கணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நடுவர் கேட்டுத்தான் ஆகணும். எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்."

பக்கத்தில் நின்ற வடக்குக்காரர்கள் நாலைந்து பேர் அவளையே பார்த்தார்கள். அவள் சொன்னால் அவர்களும் சேர்ந்து சொல்வார்கள். நடுவரும் பேனாவை நிறுத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"வடத்துல உயிர் போகுங்க" என்றாள் அக்கா. குரலைத் தாழ்த்தவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "அங்க ஒரு வாய் போதும். ஊரை அறுக்கறேன்னு கல்லு வந்தப்ப அதுவும் உயிருதான், அதனால நில்லுன்னோம். இது அப்படி இல்ல. இது யாரு ஜாஸ்தின்னு எண்ணிப் பாக்கறது. எண்ணியாச்சு. நான் ஒரு வாஷர்தான். அதையும் போட்டுட்டேன்."

"தோத்துட்டீங்களேம்மா."

"ஆமா. எங்க ஊர்க்காரங்ககிட்டத்தானே தோத்தேன்."

பிறகு அவளே டப்பாவைத் தூக்கி நடுவர் கையில் கொடுத்தாள். "எழுதிக்குங்க ஐயா."

தென்கரை அதிகாரி சந்தோஷமாகக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். "இனிமே நீங்க எங்க ஆளு. முதல் வேலையா அந்தப் படுதாக் கடை இருக்கற இடத்துல சுங்கச் சாவடி போடலாம்னு..."

"நில்லுங்க" என்றாள் தங்கச்சி.

"நீங்க எங்களுக்குத்தானே ஓட்டுப் போட்டீங்க?"

"போட்டேன். அதனாலதான் சொல்றேன், கேட்டுட்டுச் செய்யுங்க."

அதிகாரி வடகரைக்காரரைப் பார்த்தார். இவர்களை ஜெயித்தது நல்லதுதானா என்று யோசிப்பது போல இருந்தது அவர் முகம். வடகரைக்காரருக்கு அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

*

தீர்ப்பை வாசிக்கிற அன்று இரண்டு கரையிலிருந்தும் படகு படகாக ஆள் வந்தது. வடகரைப் படகு ஒன்றிலிருந்து அக்காவின் மகளும் இறங்கினாள், இடுப்பில் குழந்தையோடு. நடுவர் சரிவின் மேல் நின்று வாசித்தார்.

"இங்கு வாழும் மக்கள் தங்கள் ஊர் பிரிக்கப்படுவதை ஒருமனதாக மறுத்ததாலும், எண்ணிக்கையில் மிகுந்தோர் தென்கரையோடு சேர விரும்பியதாலும், இந்தத் திட்டு முழுவதும் தென்கரை நாட்டுக்கு உரியது. இரு நாடுகளும் அளித்த வரைபடங்கள் பின்னிணைப்பில் தரப்பட்டுள்ளன."

இரண்டு நாடுகளின் கையெழுத்தும் வாங்கி முடிந்தது. மேளம் எதுவும் இல்லை. மோட்டார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். ஆற்றில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. தெற்குக்காரர்கள் மட்டும் இல்லை, தோற்ற வடக்குக்காரர்களும் போட்டார்கள். அக்கா பட்டறையில் பாதி பிரித்துக் கிடந்த ஒரு மோட்டாரைக்கூட யாரோ கயிற்றை இழுத்துக் கிளப்பப் பார்த்தான். "அதைத் தொடாத, அது கெட்டது" என்று அவள் கத்தினாள்.

சத்தம் அடங்கியதும் ஆசாரி முன்னால் வந்தார். "ஐயா, அந்த ஆரம்பத்தை இன்னொரு தடவை படிங்க."

"எதை?"

"மக்கள், மறுத்ததாலும்னு வருதே, அதை."

நடுவர் படித்தார். ஆசாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வரைபடம் எங்க இருக்குன்னீங்க?"

"கடைசியில. பின்னிணைப்பில."

"அங்கயே இருக்கட்டும்" என்றார் ஆசாரி. அக்காவின் பக்கம் திரும்பாமலே, "சரி, ஒத்துக்கறேன்" என்றார்.

"எதை ஒத்துக்கறீங்க?"

"அதெல்லாம் விளக்கமாச் சொல்ல முடியாது. ஒத்துக்கறேன்னா ஒத்துக்கறேன்."

மகள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீ வடக்கு வேணும்னுதானே சொல்லிக்கிட்டிருந்த? நாளையிலேருந்து நான் வெளிநாட்டுக்காரி. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இப்படிச் சிரிச்சுக்கிட்டு நிக்கற?"

"என்னைக் கேட்டாங்கடி" என்றாள் அக்கா. "நான் சொன்னேன். அது நடக்கல, சரி. ஆனா கேட்டாங்க. அடுத்த தடவை பதினோரு பேரை என் பக்கம் இழுத்துக்கறேன்."

"எதுல அடுத்த தடவை?"

"எதுலயோ. எவ்வளவோ இருக்கு. ரோடு போடணும், பள்ளிக்கூடத்துல ஒழுகுது. ரெண்டும் வேண்டாம்னு ஆசாரி சொன்னாரே, அதுக்கு மூணாவது டப்பாவும் ஒரு நாள் வரும்."

தங்கச்சி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து குழந்தையைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வெளிநாட்டு விருந்தாளி எங்க வீட்டுலதான் சாப்பிடணும். ஜெயிச்சது நாங்க."

"என் மக என் வீட்டுலதான் சாப்பிடுவா."

"ஊரைக் கேப்போமா?"

"கேளேன்."

"பாட்டி வீடா, சின்னப்பாட்டி வீடா?" என்று தங்கச்சி அந்தப் பெரிய தொண்டையால் கூட்டத்தைக் கேட்டாள். கூட்டம் அங்கேயே இரண்டாகப் பிரிந்து சத்தம் போட ஆரம்பித்தது. குழந்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அழுதது. மகள் அம்மாவையும் சித்தியையும் ஆளுக்கொரு கையில் இழுத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தாள்.